வந்திருப்பேன் என்று சொல்கிறவர்கள்

1

ஊரில் என்னைப் பற்றி என்ன நினைப்பு என்று எனக்குத் தெரியும். பிரான்சுக்காரன், கோட்டுப் போட்டுக்கொண்டு கோபுரத்துக்குக் கீழே காபி குடிக்கிறவன். வந்து பாருங்கள் ஐயா. பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகர்ப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வாரம் முழுக்கக் கேரட் துருவுகிறவன் நான். சனிக்கிழமை காலையில் நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து, ஐம்பத்திரண்டு வயதில் வினைச்சொல் ஒப்பிக்கிறேன்.

எனக்குப் பாடம் எடுப்பவர் மதாம் சொலான்ஜ். ஓய்வு பெற்ற ஆசிரியை. சம்பளம் வாங்காமல் எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அதற்காக அவரை நான் மதிக்க வேண்டும். மதிக்க முடியவில்லை. எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி ஒரு சிரிப்பு.

இதுவரை படித்த காலங்களோடு எனக்குச் சண்டை இல்லை. நடந்தது, நடக்கிறது, நடக்கும் என்பதெல்லாம் எந்த மொழியிலும் உண்டு. புரட்டாசி முடிகிற நேரத்தில் மதாம் கரும்பலகையில் எழுதினாரே ஒன்று, ‘கோந்திஸியோனெல் பாஸே’ என்று, அதுதான் எனக்கு ஆகவில்லை. நடக்காமலே போனதை நடந்திருக்கும் என்று சொல்வதற்கு இவர்கள் வைத்திருக்கும் காலம் அது. செய்திருப்பேன், சொல்லியிருப்பேன், வந்திருப்பேன். தமிழில் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டுப் போகிறோம். இங்கே அதற்குச் சட்டதிட்டம். ஒரு துணைவினையை முன்னால் நிறுத்தி, அதன் முகத்தை மாற்றி, செத்துப்போன வினையைப் பின்னால் கட்ட வேண்டும். தின்பதற்கும் சொல்வதற்கும் ஒரு துணைவினை. போவது, வருவது, பிறப்பது, சாவது இவற்றுக்கு இன்னொன்று. போயிருக்கக்கூடியவர் பெண் என்றால் வாலில் ஓர் எழுத்து கூடும். அவள் போகவே இல்லை. போகாதவளுக்கு எதற்கு வால் என்று கேட்டேன். மதாம் தலையைச் சாய்த்துச் சிரித்தார்.

அப்புறம் ஆளாளுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றார். வாழ்க்கையில் எதைச் செய்திருப்பீர்கள் என்று. அட கருமமே, அதற்கென்றே காத்திருந்த மாதிரி ஆரம்பித்தார்கள். போர்ச்சுக்கலிலிருந்து வந்து டைல்ஸ் ஒட்டுகிறவன் ஒருவன், முட்டி உடையாமல் இருந்தால் பந்து விளையாடிப் பெரிய ஆள் ஆகியிருப்பானாம். தொந்தியைத் தடவிக்கொண்டு சொன்னான். மாலி நாட்டுக்காரி ஒருத்தி டாக்டர் ஆகியிருப்பாளாம். யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் கனடாவுக்குப் போயிருப்பாராம், போயிருந்தால் இந்தப் பாழாய்ப்போன மொழி படித்திருக்க மாட்டாராம். அதற்கு எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கங்கெட்ட கூட்டம் என்று நினைத்துக்கொண்டேன். செய்யாததைச் சொல்லிக் கைதட்டு வாங்கும் வகுப்பை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என் முறை வந்தது.

“சோறு வெந்திருந்தால் நான் சாப்பிட்டிருப்பேன்” என்றேன்.

இலக்கணம் சரி என்றார் மதாம். “மிஸ்யூ தங்கராசு, உங்களுக்கு வருத்தம் என்று எதுவும் இல்லையா?”

“இல்லை” என்றேன். வீட்டில் ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொன்னார்.

2

அன்றிலிருந்து இந்தக் காலம் என் காதில் விழாத இடமே இல்லை. ரொட்டிக்கடையில் நிற்கிறான் ஒருவன். ரொட்டி கண்ணெதிரே இருக்கிறது. “ஒரு ரொட்டியை விரும்பியிருப்பேன்” என்கிறான். அடேய், உனக்கு வேண்டுமா வேண்டாமா? அது மரியாதையாம். பத்திரிகையைப் பிரித்தால், மந்திரி வாங்கியிருப்பார், திருடன் ஓடியிருப்பான். வாங்கினார் என்று எழுத முதுகெலும்பு இல்லை. நாளைக்கு வழக்குப் போட்டால் நாங்கள் சொல்லவே இல்லை என்று ஒதுங்கிக்கொள்ள ஒரு சந்து. சமையலறையில் எங்கள் தலைமைச் சமையல்காரன் பாட்ரிக் இருக்கிறானே, அடுப்பிலிருந்த மீன் தீய்ந்துபோகிற வரைக்கும் பக்கத்தில் நின்று போன் பார்த்துவிட்டு, “யாராவது எடுத்திருக்க வேண்டும்” என்பான். அந்த யாராவது எப்போதும் நான்தான்.

நம் ஆட்கள் மட்டும் யோக்கியமா? இங்கே தமிழ்ச் சங்கம் ஒன்று இருக்கிறது. பொங்கலுக்குக் கூப்பிட்டால் நாற்பது பேர் தலையாட்டுவார்கள், பதினொரு பேர் வருவார்கள். மறுவாரம் கடையில் பார்த்தால், “வந்திருப்பேங்க, கார் நிறுத்த எடம் கெடைக்கல.” வீட்டைவிட்டுக் கிளம்பாதவனுக்குக் கார் நிறுத்த இடம் எங்கே கிடைக்கும்?

நீங்களும் சிரிக்க வேண்டாம். திருவாரூருக்குக் கிழக்கே நம்முடையது கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லோருக்கும் பாய்ந்து, மிச்சம் மீதி இருந்தால் நமக்கு வரும். டீக்கடை பெஞ்சில் என் சிறுவயது முழுக்க நான் கேட்டது என்ன? அன்னிக்கே தெறந்திருந்தா. முன்கூட்டியே தூர் வாரியிருந்தா. மழை ரெண்டு நாள் தள்ளிப் பேஞ்சிருந்தா. கையில் டம்ளரை வைத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசுவார்கள். மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போகிறவர் அந்தப் பக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு போவார். அப்படிப் போகிறவர் எங்கள் அத்தான் கண்ணையன். என் அக்கா அமுதாவின் புருஷன்.

எனக்கு ஒரே அக்கா. அவளுக்கு நான் ஒரே தம்பி. வேறு உடன்பிறப்பு கிடையாது. காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் எனக்குப் பெண் பார்த்து, நடையாய் நடந்து முடித்துவைத்தவர் அத்தான்தான். என்னை விமானம் ஏற்ற வந்தவர், உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியாமல், தூக்குச்சட்டியில் புளிச்சோற்றோடு கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்துவிட்டார். காவல்காரன் தடுத்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? தெரியாதவன் மாதிரி உள்ளே போய்விட்டேன். கூட நின்றவர்கள் பார்க்கிறார்களே என்று வெட்கம். பெரிய இவன்.

3

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணி இருக்கும். சேகர் போன் செய்தான். சேகர் என் சித்தப்பா மகன். பன்னிரண்டாம் வகுப்பில் மூன்று முறை தேறாதவன். அறுவடை மிஷினுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது, பந்தலுக்குச் சொல்லிவிடுவது என்று ஊரையே சுற்றிக்கொண்டிருப்பவன். அவனை நான் ஒரு மனுஷனாகவே மதித்ததில்லை.

“அண்ணே, அத்தான் போயிட்டாருண்ணே.”

“எங்கடா?” என்று கேட்டேன். போனவருக்கு எங்கே என்று கேட்ட முட்டாள் நான்.

தாளடிக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்று முடிச்சின் மேல் சாய்ந்துவிட்டாராம். திருவாரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

“அண்ணே, நீங்க வர்றீங்களா? வர்றதுன்னா ஐஸ் பெட்டியில வெச்சிருக்கோம். இல்லன்னா சாயந்திரமே எடுத்துடலாம்னு பங்காளிங்க சொல்றாங்க. அக்கா உங்ககிட்ட கேக்கச் சொல்லுச்சு.”

அக்கா கேட்கச் சொன்னது எதற்கு என்று ஊரில் இருக்கிற உங்களுக்குத் தெரியும். பிணத்தை எடுப்பதற்கு முன்னால், தாலி அறுக்கப் போகிறவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். அண்ணனோ தம்பியோ புதுப் புடவை கொண்டுவந்து முதலில் அவள் தோளில் போட வேண்டும். நீ தனியாள் இல்லை, உனக்கு ஒரு வீடு இருக்கிறது என்று ஊர் முன்னால் சொல்வது அது. அதைப் போட வேண்டியவன் நான் ஒருத்தன்.

“பாத்துட்டுச் சொல்றேண்டா” என்றேன்.

அடுத்த புதன்கிழமை எனக்குக் குடியுரிமைக்கான நேர்காணல். பதினாலு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. தவறினால் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். கணினியைத் திறந்து பார்த்தேன். அன்றைக்கே ஒரு விமானம் இருந்தது. இடமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சென்னை, திங்கட்கிழமை விடியும்போது ஊர், செவ்வாய்க்கிழமை கிளம்பினால் புதன்கிழமை காலையில் திரும்பியிருக்கலாம். கஷ்டம்தான், ஆனால் முடியாதது இல்லை. என் மனைவி ஜெயந்தி பக்கத்தில் நின்றாள். “போயிட்டு வாங்க, நான் பெட்டி அடுக்கறேன்” என்றாள். விமானம் தாமதமானால் என்ன செய்வது என்றேன். கணினியை மூடினேன். சேகருக்குப் போன் செய்யவில்லை. வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வருகிறேன் என்று சொல்லவும் மனசில்லை. போனைச் சத்தமில்லாமல் ஆக்கிக் கவிழ்த்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் படித்துக்கொண்டிருந்தேன். நேர்காணலில் கேட்பார்களாம், பிரான்சின் ராஜாக்கள் யார், கொடியின் நிறம் ஏன், ஆறுகள் எவை என்று. போனைத் திருப்பிப் பார்த்தபோதெல்லாம் சேகரின் பெயர் இருந்தது. ஏழு முறை. எடுக்கவில்லை. எழுதுவதற்கே கை கூசுகிறது. ஆனாலும் நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

திங்கட்கிழமை நானாகக் கூப்பிட்டேன்.

“எடுத்தாச்சுண்ணே” என்றான்.

“கோடி?”

“நான் போட்டேண்ணே. வேற என்ன பண்ண?”

புதன்கிழமை நேர்காணல் எடுத்த அம்மாள் என்னிடம் ஆறுகளைக் கேட்டாள். சேன், லுவார், ரோன், கரோன் என்று தடங்கலில்லாமல் நாலும் சொன்னேன். காவிரிக் கரையில் பிறந்தவன், அத்தானுக்கு மூன்றாம் நாள் பால் தெளிக்கும்போது இன்னொருத்தன் ஊர் ஆறுகளை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நல்லது என்றாள். நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. உங்கள் மொழி இன்னும் போதாது, பரீட்சை எழுதித் தேறிவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள் என்று. இப்போது தெரிகிறதா, நான் எதற்காகச் சனிக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன் என்று?

4

என் மகள் யாழினிக்குப் பதினாறு வயது. தமிழ் அவளுக்குச் சாப்பாட்டுக்கும் கோபத்துக்கும் மட்டும். மற்றதெல்லாம் பிரெஞ்சு. தமிழில் என்னை நீங்க என்பவள், பிரெஞ்சில் நீ என்பாள். அங்கே அப்பனை அப்படித்தான் சொல்வார்களாம். எங்கேயோ அவமரியாதையாக இருக்கும், கேட்டால் நான் பட்டிக்காட்டான்.

மதாம் கேட்ட ஐந்து வாக்கியங்களை எழுதிவிட்டு, திருத்தித் தரச் சொல்லி அவளிடம் நோட்டைக் கொடுத்தேன். சோறு வெந்திருந்தால் சாப்பிட்டிருப்பேன். பேருந்து வந்திருந்தால் ஏறியிருப்பேன். மழை பெய்திருந்தால் நனைந்திருப்பேன். இப்படி ஐந்து. படித்தாள். சிவப்புப் பேனாவால் இரண்டு இடத்தில் கோடு போட்டாள். நோட்டை மூடி என் முன்னால் வைத்துவிட்டு பிரெஞ்சில் ஒரு வாக்கியம் சொன்னாள். “த்யூ ஒரெ த்யூ இ அலே.”

நீ அங்கே போயிருக்க வேண்டும்.

“எங்க?” என்றேன், தெரியாதவன் மாதிரி.

“உங்களுக்குத் தெரியும்.”

“என்ன பேசறதா இருந்தாலும் தமிழ்ல பேசு.”

“தமிழ்ல சொன்னா உங்களுக்குக் கோவம் வரும்ப்பா.”

எனக்கு அப்போதே வந்துவிட்டது. பெரியவர்கள் விஷயத்தில் உனக்கென்ன, அன்றைக்கு என் நிலைமை உனக்குத் தெரியுமா, உன் படிப்புக்காகத்தானே இந்த நாட்டில் கிடந்து சாகிறேன் என்று கத்தினேன். இங்கே குடியேறிய ஒவ்வொரு அப்பனும் மனப்பாடமாக வைத்திருக்கும் வசனம்.

“பவித்ராக்கா எங்கிட்ட சொன்னா” என்றாள். பவித்ரா, என் அக்காவின் மகள். இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். “உங்களுக்காக வெச்சிருந்தாங்களாம். ஞாயித்துக்கிழமை ஃபுல்லா. நீங்க வர்றீங்கன்னு நெனச்சுக்கிட்டு.”

அதை நான் யாரிடமும் கேட்டதில்லை. சேகரும் சொன்னதில்லை. சனிக்கிழமை சாயங்காலமே எடுத்திருப்பார்கள் என்று ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். சேகர் ஏழு முறை கூப்பிட்டது எதற்கு என்று யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். யோசிக்காமல் இருக்க எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஐப்பசியில் அத்தானுக்குத் தலைதிவசம். பள்ளிக்கூடத்துக்கும் அப்போது இரண்டு வார விடுமுறை. தனியாகப் போய்வர டிக்கெட் போட்டேன்.

5

விட்டதைச் சேர்த்துச் செய்துவிடலாம் என்று நினைத்தேன். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு வழி உண்டு. கட்டணம் தாமதமானால் அபராதத்தோடு கட்டலாம், பரீட்சையில் போனால் மறுபடி எழுதலாம், தேதி தவறினால் இன்னொரு தேதி வாங்கலாம். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் புத்தி எனக்குள் ஏறிவிட்டது. போன வருஷம் போடாத கோடியை இந்த வருஷம் போடப் போனேன்.

தஞ்சாவூரில் இறங்கி, ஒரு ஜவுளிக்கடையில் ஏறினேன். வெளிர்நீலத்தில் நல்ல நூல் புடவை ஒன்றை எடுத்தேன். கடைக்காரர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டே கேட்டார்.

“என்ன விசேஷம் சார்? வீட்டுல கல்யாணமா?”

“கோடிங்க.”

மஞ்சள் பையை உள்ளே வைத்துவிட்டு வெறும் காகிதத்தில் மடித்தார். முகமும் குரலும் மாறிவிட்டன. “யாருக்குங்க?”

“அக்காவுக்கு.”

“அடடா. எப்ப எடுக்கறாங்க சார்? சீக்கிரம் போகணும்னா பில்லு அப்பறம் போட்டுக்கலாம்.”

“போன வருஷம் எடுத்தாச்சுங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பில் போடும் பையனைப் பார்த்தார். புடவையை நீட்டினார். இவனுக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும் என்று வெளியே வந்தேன். அவர் பார்வையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணத்தை மாற்றிப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவனுக்கு எதுவும் சீக்கிரம் உறைக்காது.

அக்கா வீட்டு வாசலில் சேறு. உள்ளே நுழைந்தபோது யாரும் வா என்று சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவனைச் சொல்லக்கூடாது, அது முறை. அக்கா கூடத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. நான் எதிரே உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அழுதோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எளச்சுப் போயிட்டடா” என்றாள். அத்தோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். காகிதப் பொட்டலத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

“என்னடா இது?”

“கோடி, அக்கா. அன்னிக்குத்தான் முடியல...”

அரிவாள்மனையை மடக்கினாள். பொட்டலத்தைத் தொடவில்லை.

“ஏண்டா, அவரு இன்னொரு தடவ சாவணுமா?”

பக்கத்தில் திவசத்துக்கு வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்த சேகர் எழுந்து வந்து, “அக்கா, விடுக்கா, அண்ணனுக்குத் தெரியல” என்றான். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லி என்னைக் காப்பாற்றினான், பன்னிரண்டாம் வகுப்புத் தேறாதவன்.

“அவனுக்குத் தெரியும்” என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. “நீ வரலன்னு எனக்கு ஆத்தாமை இல்லடா. அந்த ஊரு சட்டம் என்னவோ, உன் கஷ்டம் என்னவோ. வரலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா சனிக்கெழமையே எடுத்திருப்போம். நீ பாத்துட்டுச் சொல்றேன்னே. ஞாயித்துக்கெழம முழுக்க அந்த மனுசன பெட்டியில போட்டுட்டு வாசலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். மத்தியானம் கரண்டு போச்சு. இந்தப் புள்ளதான் மழையில ஓடிப்போய் ஜெனரேட்டரு தள்ளிக்கிட்டு வந்தான். கார் சத்தம் கேட்டா எந்திரிக்கறேன், பைக் சத்தம் கேட்டா எந்திரிக்கறேன். ஊரே பாக்குது. நீ அங்க போன கவுத்துப் போட்டுட்டு ஒக்காந்திருந்த.”

கவிழ்த்துப் போட்டது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. வளர்த்தவள் இல்லை என்றாலும் கூடப் பிறந்தவள்.

“அக்கா, நான்...” என்று ஆரம்பித்தேன். என்ன சொல்ல? வந்திருப்பேன் என்றா? ரொட்டி கேட்டவனையும் சங்கத்துக்காரனையும் முட்டி உடைந்தவனையும் நான் காறித் துப்பிய வார்த்தை எல்லாம் அப்போது என் வாயில்தான் இருந்தது. அவர்களாவது கைதட்டு வாங்கினார்கள்.

“கோடி போட்டவன் சேகரு” என்றாள். “எனக்கு இனிமே பொறந்த வீடு அவந்தான். பவித்ராவுக்குத் தையில தேதி வெச்சிருக்கு. மாமன் மொறைய அவனே செய்யட்டும். நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத.”

பவித்ரா பிறந்தபோது முதலில் தூக்கியவன் நான். கல்யாணத்தில் மாலை போட்டு அவள் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டியவன் நான். அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. திவசச் சோற்றைச் சாப்பிட்டேன். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து வந்தேன், அதையாவது சரியாகச் செய்தேன்.

பொட்டலத்தை என்ன செய்வது? வீட்டுக்குள் வைத்துவிட்டு வர முடியாது. கோடி என்று சொல்லி வாங்கியதைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். தஞ்சாவூர் பேருந்தில் இருக்கைக்குக் கீழே விட்டுவிட்டு இறங்கினேன். பத்தடி நடப்பதற்குள் கண்டக்டர் ஓடி வந்தார். “சார்! சார்! பொட்டலத்த வுட்டுட்டுப் போறீங்களே! புதுத்துணி மாதிரி இருக்கு!” அவர் முகத்தில் அப்படி ஒரு நல்ல மனசு. வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன்.

6

போன வாரம் சேகர் கல்யாணப் பத்திரிகையைப் போனில் அனுப்பினான். கீழே அவனே பேசி அனுப்பியிருந்தான். “அண்ணே, நேர்ல தட்டு வெச்சுக் கூப்புடணும், அவ்வளவு தூரம் வர முடியல. தப்பா எடுத்துக்காதீங்க. அக்காதான் அனுப்பச் சொல்லுச்சு.”

அக்கா சொல்லியிருப்பாளா, அவனாகச் சேர்த்துக்கொண்டானா தெரியாது. மார்கழி முடிந்து முதல் வாரத்தில் கல்யாணம். பள்ளிக்கூடத்துக்கு அப்போது விடுமுறை இல்லை. பாட்ரிக்கிடம் போய்ப் பத்து நாள் வேண்டும் என்றேன். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றான். இப்போது சொல்கிறேன், கொடுத்தால் கொடு, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றேன். முறைத்துவிட்டு எழுதிக்கொண்டான். அந்தப் பத்து நாளுக்குள் பிரெஞ்சுப் பரீட்சையும் வருகிறது. பரீட்சைக்கு வரவில்லை என்று மதாமுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். மூன்று பேருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, எந்த விமானம், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு ஊருக்கு வருகிறோம் என்று சேகருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

“சரிங்கண்ணே. பந்தியப் பாத்துக்க நம்ம ஆள் ஒருத்தர் வேணும். நீங்க நிக்கிறீங்களா?”

நிற்கிறேன் என்றேன். தினம் பள்ளிக்கூடத்தில் நானூறு பேருக்குச் சோறு போடுகிறவன்தானே, அதற்காவது லாயக்கு.

யாழினி என் கையிலிருந்து போனை வாங்கினாள். பத்திரிகையைப் பெரிதாக்கி, விரலை ஒவ்வோர் எழுத்தின் மேலும் வைத்து, உதடு அசையப் படித்தாள். மணமகள் பெயர் வந்தது. அக்காவின் பெயர் வந்தது. அத்தான் பெயருக்கு முன்னால் இருந்த ‘அமரர்’ என்ற சொல்லில் தடுக்கி, என்ன அர்த்தம் என்று கேட்டாள். சொன்னேன். தாய்மாமன் என்பதை மூன்று தரம் கூட்டினாள். அதற்கு எதிரே சேகரின் பெயர், அவன் மனைவி பெயர், அவன் பிள்ளைகள் பெயர். அதையும் விடாமல் படித்தாள்.

“உங்க பேரு எங்கப்பா?”

கடைசி வரியைத் தொட்டுக் காட்டினேன். மற்றும் உற்றார் உறவினர், சுற்றமும் நட்பும்.

“இதுக்குள்ள இருக்கேன்” என்றேன்.

அவள் அந்த வரியை முதலிலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். முடித்துவிட்டு, “இல்லப்பா, இதுல இல்ல” என்றாள். மறுபடியும் மேலே போய்த் தேட ஆரம்பித்தாள்.